நிற்காத பிரிண்டரும் பார்க்காத மணியும்

எழுத உட்காரும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சையோடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மற்றவர்கள் சொல்லச் சொல்லத் தட்டிக் கொடுத்த கடிதங்களும் விண்ணப்பங்களும்தான். "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்ற வரியை எத்தனை தடவை தட்டியிருப்பேனோ தெரியாது. இந்தத் தடவை அதை எனக்காகத் தட்டுகிறேன். சொந்த விஷயத்தை எழுதத் துணிந்ததற்குப் பொறுத்துக்கொள்ளும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பிரிண்டர் ஒன்றை நிறுத்தப் போராடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தைப் பற்றிப் படிக்க யாருக்கு நேரம் இருக்கும் என்று தெரியவில்லை. ஆனால் அன்று என் நெஞ்சிலிருந்து இறங்கிய ஒன்று இன்றுவரை திரும்ப ஏறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் இருந்தோம். நாங்கள் என்றால் அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே மகள், நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குப் பெரிய கதை ஒன்றும் கிடையாது. யாராவது பார்க்க வந்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வரமாட்டேன், அவ்வளவுதான். அத்தானுக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. மகள் முன்பள்ளியில் படிப்பித்தாள். சமையலறைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறையில் என் கட்டில், துணி அலுமாரி, ஒரு மேசை, மேசையில் கணினி, அதன் பக்கத்தில் பிரிண்டர். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை செய்தேன்.

வடக்கில் சண்டை கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வருடங்கள் அவை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதிப் பொலிசில் கொடுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாம் அந்தப் பட்டியலை என்னிடம்தான் அடித்து வாங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவருடைய தங்கை வந்தால் ஒரு பட்டியல், அவள் திரும்பிப் போனால் இன்னொரு பட்டியல். வாசலில் நின்று கூப்பிடுவார்கள். நான் கதவை அரைவாசி திறந்து தாளை வாங்கிக்கொள்வேன். தட்டச்சு வேலை எனக்குப் பிடித்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பேச வேண்டியதில்லை.

பிரிண்டர் பழையது. கட்டளை கொடுத்ததும் உடனே அடிக்காது. ஒரு நிமிடம், சில நேரம் இரண்டு நிமிடம், உள்ளே எதையோ தேடுவது போல முனகும். பக்கத்தில் காத்திருப்பவர்கள் பொறுமை இழந்து "இன்னொருக்கா அமத்திப் பாருங்க" என்பார்கள். மறுபடி அமத்தினால் இரண்டு பிரதி வரும், மூன்று தடவை அமத்தினால் மூன்று வரும். எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் யாராவது பக்கத்தில் நின்றால் நான் அமத்திவிடுவேன். பொறுங்கள் என்று சொல்வதைவிட எனக்கு அது இலேசு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நின்றவர் அத்தான்.

விஷயம் மகளுடைய சாதகம். அவளுக்கு இருபத்துநான்கு வயது முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு இடம் பேசி வந்து, இரண்டும் சாதகக் கொப்பியைப் பார்த்தவுடன் திரும்பிப் போயின. எட்டில் செவ்வாய். புருஷனுக்கு ஆகாது என்று சொல்வார்கள். இரண்டாவது இடத்து அம்மா கொப்பியை மேசையில் வைத்த விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சூடான சட்டியை இறக்கி வைப்பது போல வைத்தார். மகள் அன்றும் போய் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கலர் பேப்பரில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது இடம் கலகெதரை. மாப்பிள்ளையின் தகப்பன் அங்கே பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்கள் என்று கேள்வி. மாப்பிள்ளை ஒரு தடவை அத்தானின் கடைக்கு வந்து தன் அம்மாவுக்குச் சேலை எடுத்திருக்கிறான். சேலையை விரித்துப் பார்த்துவிட்டு அவனே மடித்துக் கொடுத்தானாம். இருபத்தாறு வருடம் சேலை மடித்த அத்தானுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? இந்த இடம் கைவிட்டுப் போகக்கூடாது என்று தீர்மானித்துவிட்டார்.

அவர் என்னிடம் ஒரு சின்னத் துண்டை நீட்டினார். அதில் "10.30" என்று மட்டும் எழுதியிருந்தது.

"புள்ள, உன் கொம்பியூட்டர்ல சாதகம் அடிக்கலாம் தானே. புதுசா ஒண்ணு அடி. கொப்பி நனைஞ்சி போச்சின்னு சொல்லிக்கிறேன். நேரத்த மட்டும் இதப் போடு."

கொப்பியில் இருந்த நேரம் பதினொன்று பத்து.

"அத்தான், இது..."

"நாப்பது நிமிசம். இந்த ரோட்டுல பஸ்ஸு அத விடப் பிந்தி வருது, யாரு கேக்குறா? சோதிடர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன், நாப்பது நிமிசம் முந்தினா லக்கினம் மாறிரும், செவ்வாய் நகந்துரும். யாருக்கு என்ன கொறஞ்சி போகுது?"

என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது அந்த வீட்டில் எல்லாருக்கும் பழக்கம்.

"இன்னொண்ணு. முதல் பக்கத்துல கீழ ஒரு வரி போடணும். நேரம் பாத்தது நீதானே? அத எழுது. அவங்க சந்தேகப்பட்டா உன்னயே கூட்டிட்டுப் போய் முன்னுக்கு நிறுத்துறேன். நீ பொய் சொல்ல மாட்டேன்னு இந்த ரோட்டுக்கே தெரியும்."

இதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. அது ஏன் என்று சொல்ல வேண்டுமானால் நான் அந்த நேரத்தைப் பார்த்த கதையைச் சொல்ல வேண்டும்.

மகள் பிறந்தது எண்பத்துமூன்றில், தமிழர் வீடுகளைத் தேடி எரித்த ஆடி மாதக் கலவரத்தில். டவுனுக்குக் கிட்ட நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை எரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் எங்களை இரண்டு நாள் பின் அறையில் வைத்துப் பார்த்தது. பிறகு ஒரு லொறி வந்து எங்களை ஒரு பாடசாலையில் இறக்கியது. அத்தான் கடைக்குச் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனவர், அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அக்கா நிறைமாதம். எனக்குப் பதினாறு வயது. ஓடும்போது வேலிக் கம்பியில் என் உடுப்புக் கிழிந்துபோனதால் பக்கத்து வீட்டு அக்கா தன் சின்ன மகளுடைய சட்டையைத் தந்திருந்தார். அது என் முழங்காலுக்கு மேலே நின்றது. அந்தச் சட்டையோடுதான் நான் அந்தப் பாடசாலையில் அத்தனை பேருக்கு நடுவில் நடமாட வேண்டியிருந்தது.

பெண்களுக்கு ஒரு வகுப்பறை. ஒரு மூலையில் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, சுற்றிச் சேலைகளைக் கட்டி அக்காவைப் படுக்க வைத்திருந்தார்கள். காலையிலேயே வலி தொடங்கிவிட்டது. ஊரடங்கு. வாகனம் வரும் என்றார்கள், வரவில்லை. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் ஆட்கள் ஒவ்வொரு நாளும் வேனில் சோற்றுப் பார்சல் கொண்டுவருவார்கள். அன்று அவர்களோடு வந்த ஒரு பெண் அக்காவின் முனகலைக் கேட்டதும் பார்சலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். அலவத்துகொடப் பக்கத்தில் பிள்ளைப்பேறு பார்க்கிறவர். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மகள், ஓடிப் போய் மணியப் பாத்துட்டு வாங்க. புள்ளட தல தெரியிது. பொறகு உங்கட ஆக்கள் நேரம் கேப்பாங்க."

மணிக்கூடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதிபருடைய அறைக்கு முன்னால் விறாந்தைச் சுவரில். அந்த மணிக்கூட்டுக்குக் கீழே வாங்குகளைப் போட்டு ஆண்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பொலிஸ்காரர்களும் இருந்தார்கள். நான் திறந்த முற்றத்தைக் கடந்து, அவர்கள் முன்னால் போய் நின்று, தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அந்தச் சட்டையோடு.

பாதி வழியில் தண்ணீர்க் குழாய் இருந்தது. அதுவரை போனேன். குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு காலை எடுத்து வைத்தேன், திரும்ப எடுத்துக்கொண்டேன். அந்த மனிதர்களில் ஒருவர்கூட என்னைக் கவனித்திருக்கமாட்டார் என்று இப்போது தெரிகிறது. அவரவருக்கு அவரவர் வீடு எரிந்திருந்தது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. பின்னால் குழந்தை அழுத சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி ஓடினேன்.

"மணி எத்தின, மகள்?"

"பதினொன்னு பத்து."

பார்சல் பதினொரு மணிக்கு வரும் என்று யாரோ சொன்னது காதில் இருந்தது. வெறும் பதினொன்று என்றால் நம்பமாட்டார்கள் என்று நினைத்து, பத்து நிமிடத்தை நானாகச் சேர்த்தேன். அந்தப் பெண் பார்சல் சுற்றியிருந்த பத்திரிகைத் தாளைக் கிழித்து அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி அக்காவின் தலைமாட்டில் வைத்தார். அந்தத் துண்டுதான் பிறகு சாதகக் கொப்பியானது. கொப்பிதான் எட்டில் செவ்வாயானது.

இருபத்துநான்கு வருடம் இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு, சொல்லாமல் விட்டதைச் சொல்லப் பயம். ஒவ்வொரு பிறந்தநாளும் பதினொன்று பத்துக்கு அக்கா சுவாமி விளக்கை ஏற்றுவாள். நான் அப்போது ஏதாவது சாக்கில் கிணற்றடிக்குப் போய்விடுவேன். இரண்டு இடம் திரும்பிப் போன அன்றும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்குச் செவ்வாய் இருக்கிறதோ இல்லையோ, அது எந்தச் சோதிடருக்கும் தெரியாது. ஏனென்றால் நான் குழாயடிக்கு அப்பால் போகவில்லை.

இப்போது பிரிண்டருக்கு வருகிறேன்.

சாதகம் பன்னிரண்டு பக்கம். அத்தான் சொன்ன நேரத்தைப் போட்டேன். முதல் பக்கத்தின் அடியில் அவர் கேட்ட வரியையும் தட்டினேன். விண்ணப்பங்கள் தட்டித் தட்டிப் பழகிய நடையில் அது வந்தது: "மேற்படி பிறந்த நேரம் பெண்ணின் சிறிய தாயாரால் மணிக்கூடு பார்த்துக் குறிக்கப்பட்டதாகும்." தட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விரல் ஒரு பக்கம், மனம் ஒரு பக்கம், என் தொழிலில் அப்படித்தான். பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் முனகியது. அத்தான் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"வரல்லியே? இன்னொருக்கா அமத்து."

அமத்தினேன்.

"ம்ஹூம். இன்னொருக்கா."

அமத்தினேன். முப்பத்தாறு பக்கம்.

"சரி, வரட்டும். நான் முன்னுக்கு இருக்கேன். நாளைக்குப் பௌர்ணமிப் போயா, கட லீவு. காலையிலயே கலகெதரைக்குப் பஸ் ஏறணும்" என்று சொல்லிவிட்டு, முன் அறைக் கதிரையில் போய் உட்கார்ந்து ரேடியோவைப் போட்டார்.

அப்போதுதான் முதல் தாள் இறங்கத் தொடங்கியது. எங்கள் பிரிண்டர் ஒவ்வொரு வரியாக, இழுத்து இழுத்து அடிக்கும். பிறந்த நாள். பிறந்த இடம், கண்டி. பிறந்த நேரம். கட்டங்கள். கடைசியாக அந்த வரி. திரையில் பார்த்தபோது வெறும் எழுத்தாக இருந்தது, ஈர மையோடு தாளில் வந்தபோது என்னைப் பார்த்துப் பேசியது. "மணிக்கூடு பார்த்து." பதினாறு வயதில் சொன்ன பொய்க்குப் பயம் என்று ஒரு காரணமாவது இருந்தது. இந்தப் பொய் தாளில் வந்து, நாளைக்கு அத்தானின் கைப்பையில் ஏறி, கலகெதரையில் ஒரு நல்ல குடும்பத்தின் மேசையில் போய் உட்காரும். அவர்கள் கேட்டால் நான் அவர்கள் முன்னால் நின்று அதை வாயாலும் சொல்ல வேண்டும். பிறகு அந்தக் கல்யாணத்தில் எது நடந்தாலும், நல்லதோ கெட்டதோ, நான் ஒவ்வொரு நாளும் அந்த வரியைத்தான் நினைப்பேன்.

முடியாது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். முன் அறை பத்து அடி தூரம்தான். நான் அதற்குப் பதிலாக, அத்தானுக்குத் தெரியாமல் பிரிண்டை நிறுத்திவிட்டு, மெஷின் பழுது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான் போனது.

திரையின் மூலையில் இருந்த சின்னப் பிரிண்டர் படத்தை அமத்தினேன். மூன்று வேலைகள் வரிசையில் நின்றன. ஒன்றின் மேல் வைத்து, வேண்டாம் என்று கொடுத்தேன். அழித்துக்கொண்டிருப்பதாக ஆங்கிலத்தில் போட்டது. ஆனால் பிரிண்டர் இரண்டாம் பக்கத்தை அடித்துக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் வேண்டாம் என்றேன். அவற்றையும் அழிக்கிறேன் என்றது. மூன்றாம் பக்கம் வந்தது. இப்படி ஒப்புக்கொண்டே தன் பாட்டுக்குச் செய்கிற ஒரு பொருளை நான் அதுவரை கண்டதில்லை. அல்லது, கண்டிருக்கிறேன், கண்ணாடியில்.

நாலாம் பக்கத்தில் தட்டிலிருந்த வெறும் தாள்களை எல்லாம் பிடுங்கி எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிரிண்டர் இரண்டு தடவை வெறும் வாயை மென்றுவிட்டு நின்றது. மஞ்சள் விளக்கு மினுங்கியது. எனக்கு மூச்சு வந்தது.

ரேடியோ சத்தம் குறைந்தது. "ஏன் புள்ள, நின்னுருச்சி?"

"தாள்... தாள் முடிஞ்சிருச்சு, அத்தான்."

இதுவும் ஒரு பொய். அத்தான் உதவி செய்வதில் மகா கெட்டிக்காரர். எழுந்து வந்து, அலுமாரிக்கு மேலே நான் வைத்திருந்த புதுத் தாள் கட்டை எக்கி எடுத்து, கட்டைப் பிரித்து, சேலைக் கரையைச் சரிசெய்வது போலத் தாள்களின் விளிம்பைத் தட்டிச் சீராக்கி, அவரே தட்டில் வைத்தார். பிரிண்டர் நன்றியோடு ஐந்தாம் பக்கத்தை விழுங்கியது.

"பாத்தியா? இதுக்குப் போயி மொகத்த அப்பிடி வச்சிக்கிட்டிருக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அடித்து முடிந்த நாலு தாள்களையும் எடுத்துக்கொண்டு போனார். முதல் பக்கம் அதில்தான் இருந்தது.

ஆறாம் பக்கம். நான் குனிந்து சுவர்ச் செருகியைப் பிடித்து இழுத்துவிட்டேன். பிரிண்டர் பாதித் தாளைக் கவ்வியபடி செத்துப்போனது. செருகியைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்படியே அக்கா பார்த்தாள். தேங்காய் துருவிய கையோடு கதவில் நின்றாள்.

"என்னடி, கரண்ட் அடிச்சிருச்சா?"

"இல்லக்கா."

"அப்ப ஏன் கீழ குந்திக்கிட்டிருக்க?"

முன் அறையிலிருந்து அத்தான்: "மறுபடி நின்னுருச்சா? செருகு புள்ள, செருகு. வேலக்காரிய வெரட்டுற மாதிரி வெரட்டுனாத்தான் அது செய்யும்."

அவர் வந்து அக்காவுக்குப் பின்னால் நின்றார். கையில் அந்த முதல் பக்கம். வாசித்திருப்பார் போல, முகத்தில் திருப்தி இருந்தது. அவர் செருகியை வாங்கக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் இழுத்தார், நான் விடவில்லை. என் வாழ்நாளில் அத்தானோடு எதையாவது பிடித்து இழுத்தது அன்றுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா இது, வெளையாட்டா?"

"அத்தான், நான் மணி பாக்கல."

"இப்ப மணி என்னாத்துக்கு? மூணு இருக்கும்."

"அன்னிக்கி. ஸ்கூல்ல. நான் மணிக்கூட்டப் பாக்கவே இல்ல. கொழாய்கிட்ட நின்னுட்டு வந்துட்டேன். பதினொன்னு பத்துன்னு சும்மா சொன்னேன்."

சொல்லி முடித்ததும் தரையைப் பார்த்தேன். ரேடியோவில் யாரோ சிங்களத்தில் வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அக்காதான் முதலில் பேசினாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"எனக்குத் தெரியும்டி."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சேலைக்குக் கீழ எடவெளி இருந்திச்சி தானே. நான் படுத்திருந்த பக்கம் கதவு. கொழாய் நேரா தெரிஞ்சிச்சி. உன் ரெண்டு காலுந்தான் எனக்குத் தெரிஞ்சிச்சி. அந்தக் கட்டச் சட்டையோட. ஒரு காலு முன்னுக்கு வருது, பின்னுக்குப் போகுது. வருது, போகுது. வலியில கத்துறதா, உன்னப் பாத்துச் சிரிக்கிறதான்னு இருந்திச்சி எனக்கு."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"சொல்லி? எல்லாரும் நேரத்தக் கேட்டாங்க. ஒரு நேரம் கெடச்சிச்சி. புள்ள உசிரோட இருந்திச்சி. இவரு உசிரோட இருக்காரான்னு தெரியாது. எனக்கு அதுக்கு மேல மணிக்கூடு என்னாத்துக்கு?" கையில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டாள். "நீ மறந்துட்டேன்னு நெனச்சேன். இத்தன வருசம் இதயா தூக்கிக்கிட்டுத் திரிஞ்ச?"

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். ஆனால் அது துக்கத்தில் வந்ததல்ல. நாள் முழுக்கத் தலையில் வைத்து நடந்த சுமையை இறக்கி வைத்தால் கழுத்து கொஞ்ச நேரம் தானாக ஆடும், அந்த மாதிரி.

அத்தான் என் கட்டிலில் உட்கார்ந்தார். கையிலிருந்த தாளைத் திரும்ப வாசித்தார். அவர் கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் ஏதோ கணக்குப் பார்ப்பது போல இருந்தது. கடைசியில் கேட்டார்:

"அப்ப பத்து முப்பதாவும் இருக்கலாம்?"

அக்கா சிரித்துவிட்டாள். "இருக்கலாம். பன்னெண்டாவும் இருக்கலாம். இங்க பாருங்க, அவங்களும் அந்த வருசம் இந்த ஊருப் பக்கந்தானே இருந்தாங்க. கலவரத்துல பொறந்த புள்ள, நேரம் தெரியாதுன்னு நேரா சொல்லுங்க. அதுக்காக வேணாம்னா போகட்டும். பொய்க் காயிதம் கொண்டு போயி, நாளைக்கி ஒண்ணுன்னா, இவ செத்துப் போயிருவா. நம்ம புள்ளயும் அந்த வீட்டுல நிம்மதியா இருக்காது."

அத்தான் தாளை நாலாக மடித்தார். மடித்து, பிறகு கிழித்தார். கிழிக்கும்போதும் நேராகத்தான் கிழித்தார்.

"சரி புள்ள. மிச்சத்த நிப்பாட்டு."

அதுதான் நடக்கவில்லை. நிறுத்துவதற்காகச் செருகியைத் திரும்பச் செருகினேன். பிரிண்டர் கவ்வியிருந்த தாளைத் துப்பிவிட்டு, எதுவுமே நடக்காதது போல அடிக்கத் தொடங்கியது. மறுபடி முதலாம் பக்கம். மேற்படி பிறந்த நேரம் பெண்ணின் சிறிய தாயாரால். அக்கா "ஐயோ, வருதுடி, வருது!" என்று ஏதோ பாம்பைக் கண்டது போலக் கத்தினாள். அத்தான் பாய்ந்து வந்து தாளை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அவர் இழுக்க, அது இழுக்க, மூலை கிழிந்து மை அவர் சட்டையில் பட்டது.

"இது என்னா, உன்ன மாதிரியே இருக்கு! வாயால ஓம்னு சொல்லிட்டு உள்ளுக்குள்ள வேற செய்யிது!"

அதைக் கேட்டு நானும் சிரித்தேன். அழுத கண்ணோடு சிரித்தேன்.

பிரிண்டர் விற்ற கடைக்காரர் முன்பு சொல்லித் தந்ததை நான் ஒரு துண்டில் எழுதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தேன். இவ்வளவு நேரமும் அது என் நினைவுக்கே வரவில்லை. கதவைத் திறந்து வாசித்தேன். முதலில் பிரிண்டரை அணைத்துச் செருகியைக் கழற்றினேன். பிறகு கணினியை அணைத்து, நூறு எண்ணும் மட்டும் இருந்தேன். அக்கா சத்தமாக எண்ணினாள், அறுபதில் குழம்பித் திரும்ப ஐம்பதிலிருந்து எண்ணினாள். கணினியைப் போட்டு அந்த வரிசையைத் திறந்தேன். மூன்று வேலைகளும் இன்னும் நின்றன. ஒவ்வொன்றாக வேண்டாம் என்று கொடுத்தேன். இந்தத் தடவை அழிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நிற்காமல், ஒன்று போனது, அடுத்தது போனது, கடைசியும் போனது. வெறும் வெள்ளைச் சதுரம் மட்டும் மிஞ்சியது. நாங்கள் மூன்று பேரும் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சுவாமி படத்தைக்கூட நாங்கள் அப்படி ஒன்றாக நின்று பார்த்ததாக நினைவில்லை.

மகள் டவுனுக்குப் போய் வந்தபோது அத்தான் சட்டை மையோடு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், என்னைக் காப்பாற்றுகிற எண்ணமே இல்லாமல், அந்தக் கால் முன்னுக்கும் பின்னுக்கும் போனதை நடித்தும் காட்டினாள். மகள் பையைக்கூட இறக்கி வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"அப்ப நான் எத்தன மணிக்குத்தான் பொறந்தேன்?" என்றாள்.

"பார்சல் வந்த பொறகு, நான் சோறு திங்க முந்தி" என்றாள் அக்கா. "அதுதான் உன் நேரம். எழுதி வச்சிக்க."

மகள் கதவை விலக்கி என்னைப் பார்த்தாள். "ஏன் சித்தி, செவ்வாய் எனக்கு இல்லாமலும் இருக்கலாம் தானே?"

"இருக்கலாம்."

"இருந்தாலும் இருக்கலாம்."

"ஓம்."

"நல்லது" என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனாள். அன்று இரவு நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் போயா. அத்தான் மகளின் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கலகெதரைக்குப் போய்ப் பின்னேரம் மழையில் நனைந்து திரும்பினார். நேரம் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலில் பூக்கட்டிப் பார்த்து, சாமி எந்தப் பூவைத் தருகிறார் என்று தெரிந்துகொண்டு சொல்வதாகச் சொன்னார்களாம். நான் பிரிண்டரைச் செருகினேன். ஒரு வெறும் தாள் வந்தது. பிறகு பக்கத்து வீட்டுக்குப் பொலிஸ் பட்டியல் ஒன்று அடித்துக் கொடுத்தேன், ஒரு பிரதி.